சொன்னால் அசையாத கால், போர்வை பட்டால் துள்ளுகிறது: பலம் வருகிறது என்று அர்த்தமா?

வேளிமலை:
எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா தென்னையிலிருந்து விழுந்து ஒன்றரை மாதம் ஆகிறது. முதுகெலும்பில் மார்புப் பகுதியின் பத்தாவது எலும்பு நொறுங்கிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து அனுப்பினார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியாது. கால் இரண்டும் முதல் சில வாரம் அப்படியே தொய்ந்து கிடந்தன, தூக்கி விட்டால் பொத்தென்று விழும்.

இப்போது விஷயம் வேறு. போர்வையை இழுத்தாலோ, கால் நகம் வெட்டப் போனாலோ முட்டி மடங்கி கால் தானாகத் துள்ளுகிறது. நேற்று பாதத்தைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினேன், குதிகால் டக்டக்கென்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, கையை எடுத்த பிறகுதான் நின்றது. சித்தி அழுதுகொண்டே குமாரகோவிலுக்கு நேர்ச்சை போட்டுவிட்டாள். ஆனால் "சித்தப்பா, பெருவிரலை அசையுங்க" என்றால் ஒன்றும் இல்லை. அவரே தன் காலைப் பார்த்து முழிக்கிறார். டாக்டரிடம் கேட்டதற்கு "அது ரிஃப்ளெக்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பலம் வருகிறதா இல்லையா? ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாமா ஒரு வர்ம ஆசானைக் கூட்டிவருகிறேன் என்று நிற்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓடாத_ஓணான்:
கால் துள்ளுகிறது என்றால் நரம்பில் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்! நல்ல சேதிதான் மக்கா, தைரியமாக இருங்க.

சுங்கான்கடை_வயர்மேன்:
எனக்குப் புரியவில்லை. மூளை மெயின் போர்டு, தண்டுவடம் வயர், தசை பல்பு. நடுவில் வயர் அறுந்தால் பல்பு எரியக் கூடாது. எரிகிறது என்றால் வயர் முழுசாக அறுந்திருக்காது. நான் சொல்வதில் என்ன தப்பு?

நரம்புத்தளை:
வேளிமலை அண்ணே, நான் மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபி செய்கிறவன், இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்க்கிறேன். முதலில் நேரான பதில். இந்தத் துள்ளல் பலம் திரும்புவதன் அடையாளம் இல்லை. அதற்காகப் பயப்படவும் வேண்டாம். அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற தண்டுவடம் உயிரோடு இருக்கிறது, மூளை பேசுவது அதற்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வயர்மேன் சொன்னது பாதி சரி. மூளையிலிருந்து சேதி கொண்டு போகிற இழைகள் தண்டுவடத்துக்குள் இருக்கின்றன. பெருமூளையில் உச்சந்தலையிலிருந்து காதை நோக்கி இறங்குகிற ஒரு பட்டையான மேடு இருக்கிறது, அங்கிருந்தும் பக்கத்துப் பகுதிகளிலிருந்தும் ஒவ்வொரு பக்கமும் சுமார் பத்து லட்சம் இழைகள் கிளம்பி, கழுத்துக்கு மேலே முகுளத்தில் பெரும்பாலானவை எதிர்ப்பக்கம் தாண்டி, கீழே இறங்குகின்றன. இடது மூளை வலது கையை ஆட்டுவது இதனால்தான். ஆனால் ஒரு வயர் தானாக எதையும் செய்யாது, தண்டுவடம் செய்யும். அதன் நடுவில் சாம்பல் நிறப் பகுதி முழுக்க நரம்புச் செல்கள். தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வருகிற சேதியை அங்கேயே வாங்கி, அங்கேயே முடிவெடுத்து, அங்கேயே தசைக்குத் திருப்பி அனுப்புகிறது. முள்ளில் கால் வைத்தால் வலி தெரிவதற்கு முன்பே கால் மேலே வந்துவிடுகிறதே, அது மூளையைக் கேட்டுச் செய்தது இல்லை.

முட்டியில் டாக்டர் சின்னச் சுத்தியலால் தட்டுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முட்டிச் சிரட்டைக்குக் கீழே உள்ள தசைநாரைத் தட்டினால் தொடைத்தசை ஒரு நூலளவு இழுபடும். தசைக்குள்ளேயே நீளத்தை அளக்கிற உணர்விகள் இருக்கின்றன, அவை "இழுக்கிறார்கள்" என்று தண்டுவடத்துக்குச் சொல்லும், அங்கே ஒரே ஒரு சந்திப்பு, உடனே தொடைத்தசைக்கு "சுருங்கு" என்று போய்விடும். நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அதே நேரத்தில் தொடையின் பின்பக்கத் தசைக்கு "நீ விடு" என்று இன்னொரு சேதி போகும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கால் விறைத்து நிற்கும். இந்த "விடு" என்கிற பகுதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது சித்தப்பா கால். அடிபட்ட உடனே தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி கொஞ்ச நாள் அடங்கிப் போகும், ஸ்பைனல் ஷாக் என்பார்கள், அப்போது முட்டியில் தட்டினாலும் ஒன்றும் வராது. நாட்களிலிருந்து வாரங்கள் வரை அது நீடிக்கும். அப்புறம் அனிச்சைச் செயல்கள் (உங்கள் டாக்டர் சொன்ன ரிஃப்ளெக்ஸ்) திரும்பி வரும், முன்பைவிட முரட்டுத்தனமாக. ஏனென்றால் மூளை நாள் முழுக்கச் செய்கிற வேலையில் பெரிய பங்கு "அசை" என்று சொல்வது இல்லை, "சும்மா இரு" என்று சொல்வது. அந்த அடக்குகிற சேதியும் இப்போது வருவதில்லை. போர்வை பட்டாலும் முள் குத்திய மாதிரி தண்டுவடம் எடுத்துக்கொள்கிறது. குதிகால் டக்டக்கென்று அடித்தது பார்த்தீர்களே, அதற்கு குளோனஸ் என்று பேர். கெண்டைக்கால் தசை இழுபட்டுச் சுருங்க, சுருங்கியது தளர, தளர்ந்தது உங்கள் கை தள்ளுவதால் மறுபடி இழுபட, அப்படியே சுற்றும்.

ரப்பர்க்காடு:
நல்ல விளக்கம் தம்பி. எனக்கு ஒரு சந்தேகம், பேச்சை மாற்றுகிறேன் என்றால் சொல்லுங்கள். நான் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவன். விடியக்காலை இருட்டில் தலையில் லைட்டு கட்டிக்கொண்டு போவோம். பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகக் கத்தியை இழுக்க வேண்டும், எடுக்கிற சீவல் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், அப்புறம் அங்கே வெட்டவே முடியாது. பழகுகிற காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவேன், முதலாளியிடம் வாங்காத ஏச்சு இல்லை. இப்போது பக்கத்து வரிசைக்காரனோடு அரசியல் பேசிக்கொண்டே வெட்டுகிறேன், கை தானாகப் போகிறது. இதுவும் தண்டுவடம்தான் செய்கிறதா? மூளை சும்மா இருக்கிறதா?

நரம்புத்தளை:
அண்ணாச்சி, சும்மா இல்லை, வேலையை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டது. பழகும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை ஒவ்வொரு இழுப்பையும் கவனித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் பேச முடியாது. பழகிய பிறகு மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கிற பேசல் கேங்க்லியாவும் பின்னால் உள்ள சிறுமூளையும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். சிறுமூளை பார்க்கச் சின்னதுதான், மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்லில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு அதற்குள்தான். கத்தி பட்டையில் உரசும்போது விரலுக்குத் தெரிகிற அழுத்தம், வர வேண்டிய அழுத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து அடுத்த இழுப்பைத் திருத்துவது அதன் வேலை. குடித்தவன் நடை தள்ளாடுவதற்கும் நாக்கு குழறுவதற்கும் அதுதான் காரணம், சாராயம் சிறுமூளையை நன்றாகவே பிடிக்கும்.

உங்கள் கேள்வியில் தண்டுவடத்துக்கும் பங்கு உண்டு. நீங்கள் வெட்டும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றிலும் எந்தத் தசை எவ்வளவு சுருங்க வேண்டும், எது விட வேண்டும் என்கிற சில்லறைக் கணக்கில் பெரும்பகுதியைத் தண்டுவடம்தான் பார்க்கிறது. கடைசியில் தசைக்குப் போகிற சேதி எதுவாக இருந்தாலும் தண்டுவடத்தின் முன்பக்கத்தில் உள்ள இயக்க நரம்புச் செல் வழியாகத்தான் போயாக வேண்டும் (முகம், நாக்குத் தசைகளுக்கு மூளைத்தண்டிலேயே அப்படிப்பட்ட செல்கள் உண்டு). இதைத் தெளிவாகக் காட்டிய ஷெரிங்டன் 1932-ல் நோபல் பரிசை ஏட்ரியனோடு பகிர்ந்துகொண்டார்.

சுங்கான்கடை_வயர்மேன்:
சரி, வயர் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். அப்படியானால் கழுத்தறுத்த கோழி ஓடுவதும் இதுதானா? சின்ன வயதில் பார்த்துப் பயந்து இரண்டு நாள் கறி சாப்பிடவில்லை.

நரம்புத்தளை:
அதேதான். நடைக்கான தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது. 1911-ல் கிரஹாம் பிரவுன் என்பவர் பூனையில் காட்டினார்: மூளைத் தொடர்பை வெட்டி, காலிலிருந்து வருகிற உணர்வு நரம்பையும் வெட்டிய பிறகும் கால் தசைகள் மாறி மாறி நடை தாளத்தில் சுருங்கின. 1966-ல் மாஸ்கோவில் இன்னொரு ஆராய்ச்சி, பெருமூளை நீக்கிய பூனையை ஓடுபட்டையில் நிறுத்தி மூளைத்தண்டில் ஓர் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்தார்கள், நடந்தது. மின்சாரத்தைக் கூட்டினார்கள், ஓட ஆரம்பித்தது. மேலிருந்து போன சேதி "போ, இன்னும் வேகமாகப் போ" என்பது மட்டும்தான், எந்தக் காலை எப்போது தூக்க வேண்டும் என்பதைக் கீழே பார்த்துக்கொண்டது. பிறந்த குழந்தையைக் கக்கத்தில் பிடித்து நிறுத்திப் பாதம் தரையில் பட வைத்தால் அடியெடுத்து வைக்கும், பிள்ளை பெற்ற வீட்டில் கிழவிகள் செய்து காட்டிச் சிரிப்பார்கள். இரண்டு மாதம் போல ஆனால் அது மறைந்துவிடும். நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தை இல்லை அது, தண்டுவடமும் மூளைத்தண்டும் செய்வது.

மனிதனுக்கு இது பூனை அளவுக்கு எளிது இல்லை. நாம் இரண்டு காலில் நிற்கிறோம், விழாமல் நிற்பதே பெரிய வேலை, அதற்கு மேலிருந்து இடைவிடாமல் சேதி வேண்டும்.

கடியபட்டணம்_கரை:
விழாமல் நிற்பது என்றதும் எழுதத் தோன்றியது. நாங்கள் தங்குகடலுக்குப் போய் நாலைந்து நாள் கழித்து வந்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஆடும். மனைவி "குடிச்சிட்டு வந்திருக்கியா" என்பாள். இதுவும் சிறுமூளையா?

நரம்புத்தளை:
உள்காதில் சமநிலையைப் பார்க்கிற உறுப்பு, கண், பாதத்து அழுத்தம் மூன்றையும் சேர்த்துத்தான் மூளை நிற்க வைக்கிறது. கடலில் அந்த ஆட்டத்துக்குத் தக்கபடி மூளை கணக்கை மாற்றிக்கொள்ளும், கரைக்கு வந்த பிறகு பழைய கணக்குக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும். மைனியிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள். குடித்திருந்தால் காட்ட வேண்டாம்.

பனைவிளை:
இதைப் படித்து எனக்குக் குழப்பம் அதிகமாகிவிட்டது. என் தம்பி பனையிலிருந்து விழுந்தவன். அக்கானி (பதநீர்) இறக்கப் போனவன், மழை பெய்த மறுநாள், கருக்கு மட்டையில் வைத்த கை வழுக்கியது. அவனுக்கு ஒரு நாளும் கால் துள்ளியது கிடையாது. தொடையும் கெண்டைக்காலும் மெலிந்துபோய் எலும்பு தெரிந்தது. எல்லாரும் கைவிட்டார்கள். ஆனால் இன்று காலில் பிரேஸ் மாட்டி வாக்கர் பிடித்து வீட்டைச் சுற்றி நடக்கிறான். துள்ளாதவன் நடக்கிறான், துள்ளுகிறவர் நடக்கமாட்டாரா? என்ன கணக்கு இது?

நரம்புத்தளை:
உங்கள் தம்பிக்கு எந்த எலும்பு?

பனைவிளை:
இடுப்பில் இரண்டாவது என்று ஸ்கேனில் எழுதியிருந்தது.

நரம்புத்தளை:
அப்படியானால் கணக்கு சரியாக வருகிறது. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவது இல்லை. பெரியவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம்தான், இடுப்பு எலும்பு ஒன்றாவது இரண்டாவது வரும்போது முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது தொங்குகிற நரம்பு வேர்கள். உங்கள் தம்பிக்கு அடிபட்டது பெரும்பாலும் அந்த வேர்களில். அவை தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகிற கடைசி வழி. அந்த வழி போனால் மூளைச் சேதியும் வராது, அனிச்சையும் வராது, சேதியே வராத தசை வேகமாக மெலியும். போலியோவும் இப்படித்தான், அந்த வைரஸ் தண்டுவடத்து இயக்க நரம்புச் செல்லையே கொல்லும், கால் சூம்பும், ஆனால் தொட்டால் தெரியும். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவுகிற போலியோ கிருமியால் யாரும் பாதிக்கப்படவில்லை, ஆனால் பழைய ஆட்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த வேர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தண்டுவடத்துக்கு வெளியே வந்த நரம்பு, உறை கெடாமல் இருந்தால், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளர்ந்து திரும்ப முயலும். நசுங்கி மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. மூளை, தண்டுவடத்துக்கு உள்ளே இருக்கிற நீள இழைகள் அப்படி வளர்வதில்லை. அதனால் துள்ளுதா துள்ளலையா என்பதை வைத்து நடப்பாரா மாட்டாரா என்று சொல்ல முடியாது. துள்ளல் சொல்வது சேதம் எந்த இடத்தில் என்பதை மட்டும்தான்.

வேளிமலை அண்ணே, உங்களுக்கு வேண்டிய பதில் வேறு இடத்தில் இருக்கிறது. சேதம் முழுசா, பாதியா? அதைக் கண்டுபிடிக்க ஆசனவாய்ப் பக்கம் தொட்டால் தெரிகிறதா, அங்கே சுருக்கச் சொன்னால் சுருங்குகிறதா என்று டாக்டர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு நிறைய வீட்டில் இதைச் செய்ய விடுவதில்லை. தண்டுவடத்தின் கடைசிப் பகுதியிலிருந்து வருகிற நரம்பு அது. அங்கே சேதி போய்வருகிறது என்றால் அடிபட்ட இடத்தைத் தாண்டி சில இழைகளாவது பிழைத்திருக்கின்றன, அப்படிப்பட்டவர்களுக்கு முன்னேற வாய்ப்பு அதிகம். முதல் ஆறு மாதத்தில்தான் பெரும்பாலான மாற்றம் தெரியும்.

மருதங்கோடு:
எங்கள் வீட்டில் வேறு பிரச்சினை. அம்மச்சிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தூக்கச் சொன்னால் முடியாது. ஆனால் கொட்டாவி விடும்போது அந்தக் கை தானாக நெஞ்சு வரைக்கும் எழும்புகிறது! நான் கண்ணால் பார்த்தேன். இதைப் பார்த்த நாள் முதல் வீட்டில் ஒருத்தர், பேர் வேண்டாம், "கிழவி நடிக்கிறாள், கஞ்சி ஊட்டி விடணும்னுதான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மச்சி காதில் விழுந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நரம்புத்தளை:
அந்த ஒருத்தரிடம் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அம்மச்சி நடிக்கவில்லை. பக்கவாதத்தில் இப்படிக் கொட்டாவியின்போது செயலிழந்த கை தானாக எழும்புவது மருத்துவப் புத்தகத்தில் பேர் வைத்து எழுதியிருக்கிற விஷயம். விருப்பப்பட்டுக் கையைத் தூக்குகிற வழி பெருமூளையிலிருந்து கிளம்புகிறது, அது பக்கவாதத்தில் கெட்டுவிட்டது. கொட்டாவி மூளைத்தண்டின் வேலை, அங்கிருந்து தண்டுவடத்துக்குப் போகிற பழைய வழிகள் கெடவில்லை. மேலிருந்து அடக்குகிற சேதி இல்லாததால் அந்தப் பழைய வழி கையையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. சிரிப்பும் அப்படித்தான். "பல்லைக் காட்டுங்க" என்றால் வாய் ஒரு பக்கம் கோணும், பேரப்பிள்ளை ஏதாவது சேட்டை செய்தால் இரண்டு பக்கமும் நேராகச் சிரிப்பார்கள், சிலரிடம் பார்க்கலாம். மனசார வருகிற சிரிப்புக்கு வழி வேறு.

இன்னொன்று, வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல் திடீரென்று வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் சீக்கிரம் போட்டால்தான் பலன்.

ரப்பர்க்காடு:
எங்கள் பாட்டாவுக்குக் கை நடுக்க நோய், பார்க்கின்சன். நடையில் திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், தள்ளினாலும் போகமாட்டார். ஆனால் படியில் ஜம்மென்று ஏறுவார். இதையும் நாங்கள் அப்போது வேஷம் என்றுதான் நினைத்தோம், பாவம்.

நரம்புத்தளை:
அதுவும் நோயின் குணம்தான் அண்ணாச்சி. தானாக நடக்கிற நடையைக் கிளப்பிவிடுவது பேசல் கேங்க்லியா, டோபமின் என்கிற மூளை ரசாயனம் குறைந்தால் அது மக்கர் பண்ணும். படியோ தரையில் போட்ட கோடோ கண்ணுக்கு முன்னால் இருந்தால் மூளை கண் வழியாக வேறு பாதையில் அடியெடுத்து வைக்கும். தரையில் வெள்ளை டேப்பைக் குறுக்குக் குறுக்காக ஒட்டிக்கொடுத்து நடக்க வைப்பது நாங்கள் வழக்கமாகச் செய்வது.

அடிமுறை_மாணவன்:
எல்லாம் சரி. ஆனால் வர்மத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம்ம மாவட்டத்தில் ஆசான்மார்கள் தலைமுறை தலைமுறையாக அடிபட்டவர்களை எழுப்பி நடக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆசான் முழங்கையில் ஓர் இடத்தில் விரல் வைத்தால் சுண்டுவிரல் வரை மரத்துப்போகும். முட்டிக்கு வெளிப்பக்கம் ஓர் இடத்தில் அடித்தால் பாதம் தொங்கிவிடும். இதெல்லாம் இங்கிலீஷ் மருத்துவம் வருவதற்கு முன்பே தெரிந்தது. அவர் தருகிற தைலம் தடவி, எட்டிக்கொட்டை சுத்தி செய்து சேர்த்த மருந்து உள்ளுக்குக் கொடுத்தால் நரம்பு முறுக்கேறும். வேளிமலை, தயங்காமல் கூட்டிவாங்க.

நரம்புத்தளை:
தம்பி, ஆசான்மார் கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், சுளுக்கும் மூட்டு விலகலும் அவர்கள் பார்க்கிற அழகை நேரில் பார்த்திருக்கிறேன். நீ சொன்ன இரண்டு இடமும் உண்மை. முழங்கையில் உல்நார் நரம்பு எலும்புக்கு மேலே தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. முட்டிக்கு வெளிப்பக்கம் சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றி இன்னொரு நரம்பு வருகிறது, அங்கே அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாது. ஆனால் இவை இரண்டும் வெளி நரம்புகள். சித்தப்பாவுக்குச் சேதம் தண்டுவடத்துக்கு உள்ளே, வெளியிலிருந்து விரல் எட்டாத இடம்.

எட்டிக்கொட்டையை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். முன்னால் "விடு" என்கிற சேதியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே. தண்டுவடத்தில் தசையை விடச் சொல்கிற செல்கள் கிளைசின் என்கிற ஒன்றைச் சுரந்துதான் சொல்கின்றன. எட்டியில் இருக்கிற ஸ்ட்ரிக்னின் அந்தக் கிளைசினைத் தடுத்துவிடும். அளவு மீறினால் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் சுருங்கி, உடம்பு வில்லாக வளைந்து, மூச்சுத் தசையும் பூட்டிக்கொள்ளும். ரண ஜன்னியில் (டெட்டனஸ்) நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான், அந்தக் கிருமியின் நஞ்சு கிளைசினைச் சுரக்கவே விடாது. சித்தப்பாவுக்கு ஏற்கனவே அடக்குகிற சேதி குறைந்துபோய்த்தான் கால் துள்ளுகிறது. அதில் மிச்சம் இருக்கிற அடக்கத்தையும் எடுக்கிற மருந்தைக் கொடுத்தால் முறுக்கேறும்தான், வேண்டாத முறுக்கு. நாங்கள் கொடுக்கச் சொல்கிற பேக்லோஃபென் நேர் எதிர் வேலை செய்யும், தண்டுவடத்தை அமைதிப்படுத்தும். (அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.)

தைலம் லேசாகத் தடவினால் தப்பில்லை, இரண்டு விஷயம் தவிர. சூடான கிழி வைக்கவே கூடாது. அவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். நான் அப்படி வந்த ஒருவரைப் பார்த்தேன், குதிகாலில் கைப்பிடி அகலத்துக்குப் புண், நடப்பதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவே முடியவில்லை, புண்ணோடே மாதக்கணக்கில் மல்லுக்கட்டினோம். இரண்டாவது, ஒரு கால் மட்டும் வீங்கியோ கதகதப்பாகவோ இருந்தால் அமுக்கித் தடவக் கூடாது, உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பி நுரையீரலை அடைக்கும். முதுகில் கம்பி வைத்த இடத்தை யாரும் தொடவே வேண்டாம்.

அடிமுறை_மாணவன்:
சூட்டைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை எங்கள் ஆசானிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

ஓடாத_ஓணான்:
யூடியூபில் முதுகில் ஏதோ மிஷின் வைத்து ஒருத்தர் நடந்தாரே? ஸ்விட்சர்லாந்து என்று நினைக்கிறேன். அதை இங்கே செய்ய முடியாதா?

நரம்புத்தளை:
லொசானில் செய்தது. 2018-ல் தண்டுவடத்தின் மேலுறையில் மின்முனை வைத்து, கீழ்ப்பகுதிக்கு லேசான மின்சாரம் கொடுத்து, பயிற்சியோடு சிலரை நடக்க வைத்தார்கள். 2023-ல் ஒருவருக்கு மூளையிலும் கருவி வைத்து, அவர் நினைப்பதைப் படித்துத் தண்டுவடத்துக்கு அனுப்பினார்கள். கீழே உள்ள தண்டுவடம் உயிரோடு இருப்பதால்தான் இது நடக்கிறது, அந்த விதத்தில் சித்தப்பா கால் துள்ளுவது வீண் இல்லை. ஆனால் இது ஆராய்ச்சி நிலை, நம்மூர் ஆள் போய்ப் பணம் கட்டிச் செய்துகொள்கிற நிலைக்கு வரவில்லை. இதைச் சாக்காக வைத்து ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்கள் வருவார்கள், நிலத்தை விற்றுவிடாதீர்கள். 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட வழிகாட்டுதலில் தண்டுவடக் காயத்துக்கு அதை அங்கீகரித்த சிகிச்சையாகச் சேர்க்கவில்லை.

பனைவிளை:
வேளிமலைக்கு ஒரு வார்த்தை. நடப்பாரா என்பதையே கேட்டுக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை 1981-ல் ஆரம்பித்த ராமகிருஷ்ணன் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் 1975-ல் கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் கால் இரண்டும் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தவர், அவர் முயற்சியில் 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் வந்தது. தம்பியை அந்த மாதிரி ஒரு இடத்தில் சேர்த்தோம். மூத்திரத்துக்கு அவனே டியூப் போடவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

வேளிமலை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சொன்னபடி வேறு ஒரு டாக்டரிடம் காட்டி விரல் வைத்துப் பார்க்கச் சொன்னோம். சித்தப்பாவுக்கு வெட்கம், இருந்தாலும் ஒத்துக்கொண்டார். தொட்டால் லேசாகத் தெரிகிறதாம், சுருக்க முடியவில்லை. "முழுசாகப் போகவில்லை, உணர்வு கொஞ்சம் பிழைத்திருக்கிறது, பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சித்தியிடம் பார்க்கலாம் என்பதை மட்டும் சொன்னேன்.

இன்னொன்று. இரண்டு நாளாகத் துள்ளல் திடீரென்று கூடிவிட்டது, ராத்திரி தூங்க விடவில்லை. பேக்லோஃபென் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நரம்புத்தளை:
தெரிகிறது என்றால் நல்லதுதான் அண்ணே, இனி மாதாமாதம் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

துள்ளல் திடீரென்று கூடினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் காரணம் தேடுங்கள். அவருக்கு வலி தெரியாது, தண்டுவடத்துக்குத் தெரியும். மூத்திரத்தில் கிருமி, டியூப் அடைப்பு, மலச்சிக்கல், புட்டத்திலோ குதிகாலிலோ படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், இதில் ஏதாவது ஒன்று இருக்கும். இன்றைக்கே ஆளைத் திருப்பிப் போட்டு லைட்டு அடித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள்தானே?

வேளிமலை:
பகலில் திருப்புகிறோம், ராத்திரி விட்டுப்போகிறது. பார்த்துவிட்டேன், புண் இல்லை. மூத்திரம் கலங்கி வாடை வருகிறது. நாளைக் காலையில் டெஸ்டுக்குக் கொடுக்கிறேன்.

நரம்புத்தளை:
அதுதான். காய்ச்சல் இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

சுங்கான்கடை_வயர்மேன்:
மரம் ஏறுகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். யாராவது விழுந்தால் கை ஒருத்தர் கால் ஒருத்தர் பிடித்து ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். கழுத்தும் முதுகும் திரும்பாமல் நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் உருட்டி, பலகையிலோ கதவிலோ வைத்து, 108 வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள். வயரோ இல்லையோ, பாதி அறுந்ததை நாமே முழுசாக அறுத்துவிடக் கூடாது.

பனைவிளை:
வேளிமலை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், நாகர்கோவில் அலுவலகத்தில் வாங்கலாம், அது இல்லாமல் ஒன்றும் நகராது. தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா இன்சூரன்ஸ் இருக்கிறது, சித்தப்பா பேரில் எடுத்திருக்கிறாரா பாருங்கள். அப்புறம் வீட்டுப் படிக்குச் சரிவு வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதற்குக் குறைத்துக் கட்டினால் நாற்காலி பின்னால் சரியும்.

வேளிமலை:
எங்கள் வீட்டுப் படி ஒன்றரை அடி. பதினெட்டு அடி நீளத்துக்கு முற்றம் இல்லையே, கிணறு வந்துவிடுகிறது.

பனைவிளை:
பாதியில் ஒரு தளம் போட்டுத் திருப்பிக் கட்டுங்கள். தளம் ஐந்தடிக்கு ஐந்தடி இருந்தால் நாற்காலி திரும்பும். கொத்தனாரிடம் ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், வழுவழு டைல்ஸ் வேண்டாம்.